பின்னறை, இருபத்தொன்பது டிகிரி

மூன்றாவது முறையாகக் கூப்பிட்டிருக்கிறார்
ரிசர்வாயர் ஹில்ஸ் மேட்டுத்தெருப் படையாச்சி.
முன்பு வந்த இரண்டு பேரும்
காஸ் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
காஸ் குறையவே இல்லை என்கிறது
என் மீட்டரில் முள்.

பிப்ரவரி மாதத்து டர்பன்
ஈரத்துணியை முகத்தில் போட்டு
எடுக்க மறந்ததுபோல் இருக்கிறது.
மின்வெட்டு முடிந்து, வீட்டுக்கு மூச்சு வந்து
இருபது நிமிஷம்.

"பொம்பளையையா அனுப்பினாங்க?"
"ஏணியும் அனுப்பியிருக்காங்க" என்றேன்.
அதற்குப் பிறகு பேச்சு
டிகிரியில் நடந்தது.

முன்னறையில் பதினெட்டு.
அவர் படுக்கை அது,
தலையணைமேல் ஒரு கம்பளிக் குல்லா.
கூடத்தில் இருபத்து நாலு.
சமையலறை கணக்கில் சேராது, அடுப்பில் பருப்பு.
பின்னறையில் இருபத்தொன்பது.
"ஒரே மெஷின். ஒரே பில்.
அவ மட்டும் அங்க வெந்துகிட்டுக் கிடக்கிறா.
இங்க வந்து படுன்னா
குளிர் ஒத்துக்காதுங்கிறா.
ரெண்டையும் சமமாக்கிக் கொடு,
எவ்வளவு ஆனாலும் சரி."

பெக்கி வெளியே நின்று
கண்டென்சரின் தகடுகளில் சிக்கிய நாய்முடியைச்
சீவிக்கொண்டிருந்தான்.
நான் கூரைக்குள் ஏறினேன்.
காய்ந்த பல்லி, யாருடையதோ கிரிக்கெட் மட்டை,
எலி தின்ற கல்யாண ஆல்பத்தின் அட்டை.
தவழ்ந்து போய்
ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தேன்,
சினைமாட்டின் வயிற்றைத் தடவுவதுபோல.
கிழிசல் இல்லை. கழன்றது இல்லை.
பின்னறைக் குழாய் மட்டும்
விம்மிக்கொண்டு நின்றது,
சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டவன் கன்னம்போல.

இறங்கினேன்.

பின்னறையில் ஒற்றைக் கட்டில்.
திறந்த ஜன்னல். ரேடியோ.
மேசைமேல் ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம்:
பனிமலை. அடிவாரம் முடிந்து
வானம் பாதியில் நின்றது.
அதன் பக்கத்தில் சவுந்தலை அம்மா,
கழுத்து வியர்வையைத் துடைக்காமல்,
ஒரு நீலத் துண்டை விரலில் உருட்டியபடி.

நாற்காலி ஏறி கிரில்லைப் பார்த்தேன்.
நாலு திருகின் தலையிலும்
வெண்ணெய்க் கத்தி கிழித்த கீறல்.
கழற்றினேன்.
உள்ளே ஒரு துவாலை.
திணித்தது இல்லை;
நாலாக மடித்து, ஓரம் சேர்த்து,
இஸ்திரி போட்டு வைத்தது.

கையில் அது சில்லென்று இருந்தது.
மூன்று கோடையின் குளிரும்
அதில்தான் வந்து முட்டி நின்றிருக்கிறது.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை,
என் டூல் பாக்ஸைப் பார்த்தாள்.
கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம்.
"என்னம்மா, கண்டுபிடிச்சியா?"

மூளையைக் கேட்காமல்
வாய் சொல்லிவிட்டது:
"குரங்கு வேலைங்க."

டர்பனில் யாரும் இதை மறுப்பதில்லை.
ரொட்டி காணோமா, குரங்கு.
ஓடு நகர்ந்ததா, குரங்கு.
"சனியன்" என்றார் படையாச்சி, திருப்தியோடு.
"போன மாசம்கூட கூரைமேல
ஒரு குடும்பமே உக்காந்திருந்துச்சு.
எப்ப சரியாகும்?"

"உள்ள ஒரு பார்ட் மாத்தணும்.
ஜோகன்னஸ்பர்க்ல இருந்து வரணும்.
மூணு வாரம். ஆறும் ஆகலாம்."

அவர் செருப்புச் சத்தம் போனதும்
துவாலையை மடிப்புக் கலையாமல்
இருந்த இடத்திலேயே வைத்து
கிரில்லை முடுக்கினேன்,
என் சொந்தத் திருகாணியால்.
இனி வெண்ணெய்க் கத்திக்கு மசியாது.
பிறகு யோசித்து, ஒன்றை மட்டும்
லேசாக விட்டேன்.

வேலைச் சீட்டில் 'குறைபாடு' என்ற கட்டத்தில்
எதை எழுதுவது என்று தெரியாமல்
வெப்பநிலைகளை மட்டும் எழுதினேன்.

சமையலறை வாசலில் அவள் கொடுத்தாள்,
குரங்குகள் விட்டுவைத்த
இரண்டு அவகாடோ. ஒன்றில் பல்தடம்.

"சமமாச்சா?" என்றான் பெக்கி, வண்டியில்.
எங்கள் வண்டிக்கு ஏசி கிடையாது.
கண்ணாடியை இறக்கினேன்.